இணைய வழங்கி நின்றபோது சிஸ்டம்டி சொன்னதும் சொல்லாததும்

லினக்ஸ் கணினியில் ஓடும் இணைய வழங்கி திடீரென்று நின்றுவிட்டால், காரணம் தேடுவதற்கு நம் கைக்கு முதலில் அகப்படும் கருவி பெரும்பாலும் சிஸ்டம்டிதான். கணினியில் ஓடும் சேவைகளைத் தொடங்கி, நிறுத்தி, மேற்பார்க்கும் நிரல் அது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று எதை நிறுவினாலும் அது கூடவே வந்துவிடுகிறது. அதனாலேயே அதைத் தனியொரு பொருளாக எடுத்து வைத்து, இந்த வேலைக்கு இது எவ்வளவு தகுதியானது என்று நாம் கேட்பதில்லை. சிஸ்டம்டி மிகப் பெரிய திட்டம். அதன் எல்லாப் பகுதிகளையும் எடைபோடுவது என் நோக்கமன்று. நின்றுபோன அப்பாச்சி என்னும் இணைய வழங்கியைப் பழுதுபார்க்கும் வேலையில் அதன் மூன்று பகுதிகள் எப்படி நடந்துகொண்டன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். சேவையின் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல், பதிவுகளைத் தேடித் தரும் ஜர்னல்சிடிஎல், விழுந்த சேவையை எழுப்பலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் விதிகள் ஆகியவையே அந்த மூன்றும்.

ஒரு சிறிய நூலகத்தின் நூற்பட்டியல் தளத்தைத் தன்னார்வமாகப் பராமரித்து வருகிறேன். 1 ஜிபி நினைவகமும் 25 ஜிபி வட்டும் கொண்ட வாடகை விபிஎஸ் (மெய்நிகர் கணினி) ஒன்றில் அது இயங்குகிறது. அப்பாச்சி, அதற்குள்ளேயே மாட்டிய பிஎச்பி நிரல்மொழி, நூற்பட்டியலுக்கு ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு, இவ்வளவுதான் அதன் கட்டமைப்பு. உபுண்டு 20.04இல் பெரிய தொல்லை எதுவுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணினியை 22.04க்கு மேம்படுத்தினேன். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் நூலகர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, பட்டியல் பக்கம் திறக்கமாட்டேங்குதுப்பா” என்றார். உள்ளே நுழைந்து பார்த்தால் அப்பாச்சி ஓடவில்லை. அவசரத்தில் மீண்டும் தொடங்கும் கட்டளையைத் தட்டினேன், தளம் வந்துவிட்டது. காரணத்தை அன்று தேடவில்லை. ஐந்தாம் நாள் அதே அழைப்பு, அதே கேள்வி.

இரண்டாவது முறை கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடங்குவதற்கு முன்னால் நிலையைக் கேட்டேன். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கட்டளையின் அருமை அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது. சேவை தோல்வியுற்ற நிலையில் இருக்கிறது, எத்தனை மணிக்கு அந்த நிலைக்கு வந்தது, எந்த வகைத் தோல்வி, அது எவ்வளவு சிபியு நேரம் உண்டது, கடைசிப் பத்து வரிப் பதிவு என்ன என்பதையெல்லாம் ஒரே திரையில் காட்டிவிடுகிறது. சிஸ்டம்டிக்கு முன்பிருந்த பழைய இனிட் தொடக்க நிரல்களின் காலத்தில் இவற்றில் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் போய்ப் பொறுக்க வேண்டியிருந்தது. செயல்முறையின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், எண்ணை எழுதி வைத்த கோப்பு மட்டும் மிச்சமிருக்கும். செயல்முறை செத்துப் போயிருக்கும். நிலை கேட்டால் ஓடுகிறது என்றோ ஓடவில்லை என்றோ பொதுவாக ஒரு பதில் வரும். இங்கேயோ தோல்வியின் வகை என்ற இடத்தில் ‘ஓஓஎம்-கில்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. அதாவது, கணினியில் நினைவகம் தீர்ந்துபோய், இயக்குதளத்தின் மையமான கெர்னல் ஏதோ ஒரு செயல்முறையைக் கொன்றிருக்கிறது.

அடுத்து ஜர்னல்சிடிஎல். அப்பாச்சியின் பதிவை மட்டும் தனியாகக் கேட்கலாம். கெர்னலின் பதிவை மட்டும் கேட்கலாம். இரண்டு குறிப்பிட்ட நேரங்களுக்கு இடைப்பட்ட எல்லாவற்றையும் கலந்து ஒரே வரிசையில் கேட்கலாம். மூன்றாவது வசதியே பழுதுபார்ப்பவருக்குப் பெருங்கொடை. தோல்வி நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் கொடுத்துக் கேட்டபோது, கெர்னல் ஒரு செயல்முறையைக் கொன்ற வரியும், அதற்கு அடுத்த நொடியே சிஸ்டம்டி எழுதிய வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. கெர்னலின் வரியில் கொல்லப்பட்டதன் பெயரும் எண்ணும் மட்டுமல்லாமல், அது சாகும்போது பிடித்திருந்த நினைவகமும் இருக்கும். என் வரியில் அது ஏறக்குறைய 430 எம்பி. சாதாரணமாக 50 எம்பியைத் தாண்டாத ஓர் அப்பாச்சிச் செயல்முறை 430 எம்பிக்கு ஊதியிருக்கிறது என்றால், அந்த நேரத்தில் அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதே அடுத்த கேள்வி.

இந்த இடத்தில் இரண்டு சிறு தடைகளைச் சொல்லிவிட வேண்டும். வாடகைக் கணினிகளின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரப்படி அதிகாலை 2.10க்கு நடந்தது அங்கே முந்தைய நாள் இரவு 8.40 என்று பதிவாகியிருக்கும். நூலகர் சொன்ன நாளில் தேடிக்கொண்டிருந்த எனக்கு அரை மணி நேரம் வீணாகப் போயிற்று. டைம்டேட்சிடிஎல் கட்டளையால் ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தை மாற்றிக்கொள்வது நல்லது. மற்றொன்று, நிர்வாக உரிமையில்லாத சாதாரணக் கணக்கிலிருந்து ஜர்னலைக் கேட்டால் நம்முடைய பதிவுகள் மட்டுமே தெரியும். கணினியின் பதிவுகள் மறைந்திருக்கும். சிஸ்டம்டி அதை ஒரு குறிப்பாகச் சொல்கிறது என்றாலும், பதற்றத்தில் இருப்பவர் அதைப் படிக்காமல் பதிவே இல்லை என்று முடிவுகட்டிவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ‘ஏடிஎம்’ அல்லது ‘சிஸ்டம்டி-ஜர்னல்’ குழுவில் கணக்கைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இதுவரை சொன்னது முழுவதும் பாராட்டுதான். ஆனால் அந்த இரண்டு வரிகளை மறுபடி மறுபடி படித்தபோது ஓர் உறுத்தல் எழுந்தது. கெர்னல் கொன்றது ஒரே ஒரு செயல்முறையை. அதுவும் அப்பாச்சியின் தாய்ச் செயல்முறையை அன்று. தாய் பெற்றெடுத்த பல பிள்ளைகளில் ஒன்றை. அப்பாச்சியின் ‘ப்ரீஃபோர்க்’ முறையே, ஒரு பிள்ளை செத்தால் மற்றவை பாதிக்கப்படாமல் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும், தாய் உடனே புதிய பிள்ளையை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்ற கருத்தின்மேல் கட்டப்பட்டது. ஒரு வாசகருக்குப் பக்கம் பாதியில் அறுந்திருக்கும். மற்ற எல்லோருக்கும் தளம் ஓடியிருக்க வேண்டும். அப்படியானால் தாயை நிறுத்தியது யார்?

நிறுத்தியது சிஸ்டம்டியே. ஜர்னலில் அது தானே எழுதிய வரி, இந்தச் சேவையைச் சேர்ந்த ஒரு செயல்முறை நினைவகப் பற்றாக்குறையால் கொல்லப்பட்டது என்கிறது. அதைத் தொடர்ந்து சேவை தோல்வியுற்றது என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நடந்ததை, அதாவது உயிரோடிருந்த மற்ற செயல்முறைகளையெல்லாம் தானே முறைப்படி நிறுத்திவிட்டதை, அது வெளிப்படையாகச் சொல்வதில்லை. இதற்குக் காரணமான விதியின் பெயர் ‘ஓஓஎம் பாலிசி’. 2019இல் வந்த 243ஆம் பதிப்பில் இது சேர்ந்தது. ஒரு சேவையின் ஏதாவதொரு செயல்முறை இப்படிக் கொல்லப்பட்டால் என்ன செய்யலாம் என்பதற்கு மூன்று தெரிவுகள் உண்டு. ‘கன்டினியூ’ என்றால் பதிவு செய்துவிட்டு விட்டுவிடும். ‘ஸ்டாப்’ என்றால் சேவை முழுவதையும் முறைப்படி நிறுத்தும். ‘கில்’ என்றால் மிச்சமிருப்பவற்றைக் கெர்னலைக் கொண்டே கொல்லும். நாம் எதையும் எழுதாவிட்டால் இயல்பிருப்பாக வருவது ‘ஸ்டாப்’.

அப்படியென்றால் 20.04இல் இது ஏன் நிகழவில்லை? அதிலும் 245ஆம் பதிப்பு இருந்தது, விதியும் இருந்தது. விடை கண்ட்ரோல் குரூப் என்னும் கெர்னல் வசதியில் இருக்கிறது. ஒவ்வொரு சேவையின் செயல்முறைகளையும் சிஸ்டம்டி ஒரு கூட்டமாகக் கட்டி வைத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் நினைவகப் பற்றாக்குறையால் கொல்லப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையைக் கண்ட்ரோல் குரூப்பின் இரண்டாம் பதிப்பில் கெர்னல் ஒரு கோப்பில் குறித்துவைக்கிறது. சிஸ்டம்டி அந்தக் கோப்பைக் கவனித்துத்தான் சாவை அறிகிறது. உபுண்டு 21.10இலிருந்துதான் அந்த இரண்டாம் பதிப்பு இயல்பிருப்பாயிற்று. ஆகவே 20.04இல் விதி இருந்தது. அதை எழுப்பும் கண் இல்லை. மேம்படுத்தலுக்கு முன் எடுத்து வைத்த காப்புநகலில் அப்பாச்சியின் பிழைப்பதிவைத் திறந்து பார்த்தேன். ‘பிள்ளைச் செயல்முறை 9ஆம் எண் சமிக்ஞையால் கொல்லப்பட்டது’ என்ற வரி அதிலும் இருந்தது, ஒரே வாரத்தில் இரண்டு முறை. அன்றும் பிள்ளைகள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தாய் வேறு பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டதால் எனக்குத் தெரியாமல் போயிற்று.

இந்த இயல்பிருப்பைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். அதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வாதம் வலுவானது. பல செயல்முறைகள் ஒன்றையொன்று நம்பி இயங்கும் சேவையில் ஒன்று மட்டும் செத்தால், மிச்சமிருப்பவை பாதி உயிரோடு தவறான பதில்களைத் தந்துகொண்டிருக்கும். அதைவிட முழுவதையும் நிறுத்தி, புதிதாகத் தொடங்குவது பாதுகாப்பானது. தரவுத்தளம் போன்றவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் இந்த வாதம் முழுமை பெறுவது, நிறுத்திய பிறகு மீண்டும் தொடங்கினால்தான். அங்கேதான் இரண்டாவது விதி குறுக்கே நிற்கிறது.

உபுண்டு 22.04இன் அப்பாச்சிப் பொதியோடு வரும் சேவைக் கோப்பில் மீள்தொடக்க விதி ‘ஆன்-அபார்ட்’ என்று இருக்கிறது. முதன்மைச் செயல்முறை ஒரு சமிக்ஞையால் திடீரென்று செத்தால் மட்டும் மீண்டும் தொடங்கு என்பது அதன் பொருள். ‘ஓஓஎம்-கில்’ என்ற தோல்வி வகை அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. ‘ஆன்-ஃபெயிலியர்’ என்று எழுதியிருந்தால் வந்திருக்கும். ஆக, ஒரு விதி சேவையை நிறுத்துகிறது. மற்றொரு விதி அதை எழுப்ப மறுக்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமானவை. சேர்த்துப் பார்த்தால், ஒரு வாசகருக்கு மட்டும் அறுந்திருக்க வேண்டிய பக்கம், அதிகாலை 2.10 முதல் நூலகர் வந்து கதவைத் திறக்கும் வரை எல்லா வாசகர்களுக்கும் அறுந்து போகிறது. சிஸ்டம்டியின் மேல் எனக்கு இருக்கும் முதன்மையான குறை இதுவே: விதிகளை ஒவ்வொன்றாக மிக விரிவாக விளக்கும் அதன் கையேடு, அவை ஒன்றோடொன்று மோதும்போது என்ன நடக்கும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ள விட்டுவிடுகிறது.

திருத்துவது எளிது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பொதியோடு வந்த கோப்பைத் தொடாமல், சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ற கட்டளையால் நம்முடைய மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். அடுத்த மேம்படுத்தலில் அவை அழிந்துபோவதில்லை. இந்த வடிவமைப்பை மனமாரப் பாராட்டுகிறேன். ஓஓஎம் பாலிசியை ‘கன்டினியூ’ என்றும், மீள்தொடக்கத்தை ‘ஆன்-ஃபெயிலியர்’ என்றும், இரண்டு முயற்சிகளுக்கு இடையிலான காத்திருப்பை 5 நொடி என்றும் எழுதினேன். பிறகு சிஸ்டம்சிடிஎல் ஷோ கட்டளையால் உண்மையில் நடைமுறையில் இருக்கும் மதிப்புகளைக் கேட்டுச் சரிபார்த்தேன். கோப்பில் எழுதியிருப்பதை நம்பாமல் இதைக் கேட்டுப் பார்ப்பது அவசியம். எழுத்துப்பிழையுள்ள வரியைச் சிஸ்டம்டி ஜர்னலில் ஓர் எச்சரிக்கையோடு புறக்கணித்துவிடும். சேவை வழக்கம்போலத் தொடங்கிவிடும்.

அந்த 5 நொடியில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இயல்பிருப்பில் மீள்தொடக்கத்துக்கான காத்திருப்பு 100 மில்லிநொடிதான். 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால், சிஸ்டம்டி கைவிட்டு, அதற்கென்று தனியான தோல்விக் குறிப்பை எழுதிவிடும். உள்ளமைவுக் கோப்பில் பிழை இருக்கும்போது இந்த வரம்பு நன்மை செய்கிறது. வீணான முயற்சி அரை நொடியில் ஓய்ந்துவிடும். நாம் காத்திருப்பை 5 நொடியாக நீட்டினால், 10 நொடியில் 5 முயற்சி என்ற எல்லையை எட்டவே முடியாது; சேவை நாள் முழுவதும் எழுந்து விழுந்து எழுந்து விழுந்து ஜர்னலை நிரப்பிக்கொண்டிருக்கும். ஆகவே வரம்புக்கான கால அளவையும் சேர்த்து நீட்ட வேண்டும். நான் 5 நிமிடத்தில் 5 முயற்சி என்று வைத்திருக்கிறேன். அந்த வரியைச் ‘சர்வீஸ்’ பிரிவில் எழுதாமல் ‘யூனிட்’ பிரிவில் எழுத வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மீள்தொடக்கம் நோய்க்கு மருந்தாகாது. அந்த 430 எம்பி எங்கிருந்து வந்தது என்பதைச் சிஸ்டம்டியால் சொல்ல முடியாது. அதற்கு அப்பாச்சியின் வருகைப் பதிவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதே நிமிடத்தில் ஒரு தேடுபொறியின் ஊர்தி, அதாவது தளங்களின் இணைப்புகளைத் தானாகவே தொடர்ந்து படிக்கும் நிரல், நூற்பட்டியல் முழுவதையும் பிடிஎஃப் ஆகத் தரும் இணைப்பை அழைத்திருந்தது. ஆண்டுக்கொரு முறை நூலகர் அச்சிடுவதற்காக நான் எழுதிய பக்கம் அது. பிஎச்பியின் இயல்பான 128 எம்பி வரம்பு போதாமல், அந்தப் பக்கத்துக்கு மட்டும் 512 எம்பி என்று உயர்த்தி வைத்திருந்தேன். பக்கத்தின் அடியில் இணைப்பு வெளிப்படையாக இருந்ததால் எந்த ஊர்தியும் அதைத் தொடரலாம். ஒரே நேரத்தில் இரண்டு முறை தொடர்ந்தால், 1 ஜிபி கணினியில் மற்றவற்றுக்கு இடமேது? பிடிஎஃப் கோப்பை வாரம் ஒருமுறை பின்னணியில் உருவாக்கி, ஆயத்தக் கோப்பாக வைத்துவிட்டேன். வரம்பும் 128க்குத் திரும்பியது.

அதே கையோடு இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். உபுண்டுவின் ப்ரீஃபோர்க் அமைப்பில் ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய பிள்ளைகளின் உச்ச எண்ணிக்கை 150. ஒவ்வொன்றுக்கும் 50 எம்பி என்றால் மொத்தம் 7,500 எம்பி. செயல்முறைகள் ஒரு பகுதி நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால் உண்மைத் தேவை இதைவிடக் குறைவாகவே இருக்கும்; அப்படியும் 1 ஜிபியில் அடங்கவே அடங்காது. இயக்குதளத்துக்கு 250 எம்பி ஒதுக்கி, மீதியை வகுத்து, உச்ச எண்ணிக்கையை 14 என்று குறைத்தேன். நினைவகம் போதாதபோது வட்டைக் கடன் வாங்கும் ஸ்வாப் கோப்பு ஒன்றையும் 1 ஜிபிக்குச் சேர்த்தேன். வரிசையில் நிற்பவர் இரண்டு நொடி கூடுதலாகக் காத்திருக்கலாம். ஆனால் எல்லோரும் வெளியேற்றப்படுவதில்லை. சிறிய வாடகைக் கணினியில் அப்பாச்சி வைத்திருக்கும் எவரும் இந்த ஓர் எண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

சிஸ்டம்டி கைவிடும் இடம் ஒன்று உண்டு, அது பெரிய இடம். இந்த உச்ச எண்ணிக்கை நிறைந்து, பிள்ளைகள் எல்லாமே ஏதோவொன்றுக்காகக் காத்து நின்றுவிட்டால், புதிதாக வருபவருக்குப் பக்கம் வராது. தளத்தைப் பார்ப்பவரைப் பொறுத்தவரை வழங்கி செத்ததுதான். சிஸ்டம்சிடிஎல் அப்போதும் பச்சை நிறத்தில் ‘இயங்குகிறது’ என்றே காட்டும். செயல்முறை உயிரோடிருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது; அது பதில் சொல்கிறதா என்று கேட்பதில்லை. உச்ச எண்ணிக்கை நிறைந்தது என்ற எச்சரிக்கை அப்பாச்சியின் சொந்தப் பிழைப்பதிவில் இருக்கும், ஜர்னலில் இருக்காது. ஏனென்றால் உபுண்டுவில் அப்பாச்சி தன் பிழைகளைத் தனிக் கோப்பில்தான் எழுதுகிறது. தொடங்கும்போதும் நிற்கும்போதும் வரும் சில வரிகள் மட்டுமே ஜர்னலுக்குப் போகின்றன. எல்லாப் பதிவும் ஓரிடத்தில் என்ற நம்பிக்கையோடு ஜர்னலை மட்டும் பார்ப்பவர், காரணத்தின் பாதியைத் தவறவிடுவார். சேவை தொடங்கத் தவறும்போது திரையில் வரும் அறிவுரையும், சேவையின் நிலையையும் அதன் ஜர்னல் பதிவையும் பார் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. அப்பாச்சியின் பிழைப்பதிவு எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற ஒரு சொல் அந்த அறிவுரையில் இருந்தால், புதியவர் எத்தனையோ பேருக்கு உதவியாயிருக்கும்.

இந்தக் குறையை நிரப்ப மோனிட் என்ற சிறு கருவியைச் சேர்த்திருக்கிறேன். அது, இணையப் பக்கக் கோரிக்கைகள் வரும் நுழைவாயிலான 80ஆம் போர்ட்டில் உண்மையாகவே ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும்; பதில் வராவிட்டால் சேவையை மீண்டும் தொடங்கும், மின்னஞ்சலும் அனுப்பும். தொடங்கி நிறுத்தும் பொறுப்பைச் சிஸ்டம்டியிடமே விட்டுவிட்டு, கேட்டுப் பார்க்கும் பொறுப்பை மட்டும் மோனிட்டுக்குக் கொடுப்பது நல்ல பங்கீடு. ஒன்று நிறுத்தியதை மற்றது எழுப்பாதபடி, பராமரிப்பு வேலைக்கு முன் மோனிட்டை ஓய்வில் வைக்க மறக்கக் கூடாது.

நின்றுபோகும் மற்ற காரணங்களில் சிஸ்டம்டியின் உதவி எப்படி என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 80ஆம் போர்ட்டை வேறு நிரல், பெரும்பாலும் தவறுதலாக நிறுவிய என்ஜின்எக்ஸ் என்னும் மற்றோர் இணைய வழங்கி, முன்பே பிடித்துக்கொண்டிருந்தால், நிலைத் திரையின் பத்து வரிக்குள்ளேயே அது தெரிந்துவிடும். யார் பிடித்திருக்கிறார் என்பதற்கு எஸ்எஸ் கட்டளை போதும். உள்ளமைவுப் பிழையும் கோப்பின் பெயர், வரி எண் உட்பட அங்கேயே வந்துவிடும். வட்டு நிறைந்து நின்றால் கதை வேறு. பதிவு எழுதவே இடமில்லாதபோது ஜர்னலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போகலாம்; வட்டில் மீதமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை முதலில் ஓடவிட்டு, இடம் மட்டுமின்றி ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் குறிப்பு) எண்ணிக்கையையும் பார்ப்பது நல்லது. ஜர்னலே வட்டைத் தின்னுமோ என்ற அச்சம் தேவையில்லை. கோப்பு முறைமையில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி என்று தனக்குத் தானே வரம்பு வைத்திருக்கிறது; என் 25 ஜிபி வட்டில் அது 2.5 ஜிபிக்குள் அடங்கும்.

மிகவும் வஞ்சகமான வகை ஒன்று உண்டு. யாரோ உள்ளமைவுக் கோப்பில் ஒரு பிழையை விட்டிருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சியை மென்மையாக மறுவாசிப்புச் செய்யச் சொன்னால், அது முதலில் கோப்பைச் சோதித்து, பிழையைக் கண்டு, பழைய அமைப்போடேயே தொடர்ந்து ஓடும். வாரக்கணக்கில் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். கெர்னல் மேம்படுத்தலுக்காகக் கணினியை ஒருநாள் மறுதொடக்கம் செய்தால், அப்பாச்சி எழாது; எல்லோரும் கெர்னலைக் குறை சொல்வார்கள். இங்கே ஜர்னல் உண்மையிலேயே கைகொடுத்தது. முந்தைய தொடக்கத்தின் பதிவைத் தனியே கேட்கும் வசதியால், தோற்றுப்போன மறுவாசிப்பு எந்த நாளில் நடந்தது என்று கண்டுபிடித்து, அந்த நாளில் மாறிய கோப்பைப் பிடிக்க முடிந்தது. இதற்கு ஜர்னல் வட்டில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கான அடைவு இல்லாத கணினிகளில் அது நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மறுதொடக்கத்தோடு சாட்சியமும் அழிந்துவிடும். புதிய கணினியை வாங்கியவுடன் நான் பார்க்கும் முதல் விஷயம் அந்த அடைவுதான்.

லென்னார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தியதிலிருந்தே அது கடும் வாதங்களைக் கண்டிருக்கிறது. 2014இல் டெபியன் அதை ஏற்றுக்கொண்ட முடிவை ஒப்பாதவர்கள் பிரிந்து தேவுவான் என்ற தனி வெளியீட்டையே உருவாக்கினார்கள். ஜர்னல் வெறும் எழுத்துக் கோப்பாக இல்லாமல் தனி வடிவில் இருப்பது அவர்களுடைய குறைகளில் ஒன்று. சாதாரண எழுத்துக் கருவிகளால் அதை நேரடியாகத் திறந்து படிக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் வேறு வேறு மூலங்களின் வரிகளை நொடி வரிசையில் கலந்து தரும் வசதி அந்த வடிவத்திலிருந்தே கிடைக்கிறது. கெர்னலின் வரியும் சிஸ்டம்டியின் வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திராவிட்டால், தாயை நிறுத்தியவர் யார் என்ற கேள்வியே எனக்குத் தோன்றியிருக்காது.

இணைய வழங்கியைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவருக்கு, சிஸ்டம்சிடிஎல்லையும் ஜர்னல்சிடிஎல்லையும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒருநாள் உட்கார்ந்து பழகினால் பல இரவுகள் மிச்சமாகும். மீள்தொடக்க விதிகளை மட்டும் இயல்பிருப்பில் விட்டுவிடாமல், தம் சேவையின் இயல்புக்கு ஏற்பத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். இலவசமான கட்டற்ற மென்பொருள் என்பதால் விலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சென்ற மாதம் ஜர்னலைப் புரட்டியபோது, ஒரு செயல்முறை நினைவகப் பற்றாக்குறையால் கொல்லப்பட்டது என்ற அதே வரி மறுபடி இருந்தது. இந்த முறை அதன்கீழே தோல்வி என்ற வரி இல்லை. அப்பாச்சி ஓடிக்கொண்டே இருந்தது. நூலகருக்கு எதுவும் தெரியவில்லை. வருகைப் பதிவைப் பார்த்ததில், புதிய நூல்களின் அட்டைப்படங்களைப் பதிவேற்றும் பக்கம்தான் காரணம். கைபேசியில் எடுத்த பெரிய படங்களைச் சிறிதாக்குவதற்குப் படங்களைக் கையாளும் துணைநிரல் எடுத்துக்கொள்ளும் நினைவகம் பிஎச்பியின் வரம்புக்குள் கணக்காவதில்லை. அந்த வேலையைத் தனி நிரலுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.